பெயர் போடவில்லை, இருக்கை எண் மட்டும்தான்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர், "இதை எழுதிடாதீங்க" என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் சொல்ல ஆரம்பித்தார். எழுதுகிறவனிடம் அப்படிக் கேட்டுக்கொள்வது பூனையைப் பாலுக்குக் காவல் வைக்கிற கதைதான். அது அவருக்கும் தெரியும். ஆனால் பயம் தொண்டைவரை வந்துவிட்டால் எதிரே இருப்பது பூனையா புலியா என்று யார் பார்க்கிறார்கள்? அவருக்கு யாரிடமாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. நான் கையில் கிடைத்தேன்.

அவர் எனக்கு என்ன உறவு, எங்கே உட்கார்ந்து பேசினோம் என்பதை முதல் வரைவில் எழுதியிருந்தேன். "அவர் என்னுடைய

அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிடுகிறேன். மன்னிக்கவும்.

(சொன்னவரை "அவர்" என்கிறேன். கதைக்குள் வருகிறவளை "அவள்" என்பேன். மரியாதைக் குறைவு இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்சம் தூரம் இருக்கட்டும் என்றுதான்.)

2

தொடக்கத்துக்குப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

"மதிய ரயில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தபோது..." வேண்டாம். பாலம் தெரிந்தால் ரயில் தெரியும்.

"கட்டுப்பாட்டு அறையின் ஒரே ஜன்னலுக்கு எதிரே ஒரு சைக்கிள் கடை..." வேண்டாம், வேண்டாம்.

மூன்றாவதாக வந்தது இது: "அவள் வேலைக்கு வந்ததும் இடது காதுத் தோட்டைக் கழற்றி மேசை இழுப்பறையில் போடுவாள்."

இது எனக்குப் பிடித்திருந்தது. ரயிலில் திருட்டு, சண்டை, தொந்தரவு என்று பயணிகள் கூப்பிடும் எண் ஒன்று உண்டல்லவா, அந்த அழைப்புகளை எடுப்பதுதான் அவள் வேலை. நாள் முழுக்க ஒரே காதில் போன். தோடு அழுத்தி அழுத்திக் காது புண்ணாகிவிடும். அதனால் கழற்றிவிடுவாள். மாலையில் மாட்ட மறந்து ஒற்றைத் தோட்டோடு வீட்டுக்குப் போவாள். "பாதிப் பொண்டாட்டிதான் தினமும் வீடு திரும்புது" என்பான் புருஷன். அந்த ரயில் தடத்தில் வேலை பார்க்கிற எல்லோரும் அவளை "கண்ட்ரோல் அக்கா" என்பார்கள். வயதில் மூத்த அதிகாரிகளுக்கும் அவள் அக்காதான்.

3

வெயில் ஏறிய மதியம். தூரத்து ரயில் ஒன்றில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த நேரம். ஒரு பெண் கூப்பிட்டாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுகிற குரல்.

"மேடம், போர்வை விரிப்பு எல்லாம் குடுக்க வருவாங்கல்ல, அந்த ஆளு. தூங்குறவர் தலைமாட்டுல இருந்து பைய எடுத்து அழுக்குத் துணி மூட்டைக்குள்ள போட்டதை என் கண்ணால பாத்தேன்."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச காலமாகவே அந்த ரயிலில் பைகள் மாயமாகிக்கொண்டிருந்தன. எல்லாப் பயணிகளையும் சோதித்தாயிற்று. அழுக்குத் துணியை யாரும் சோதிக்கவில்லை. வழியிலுள்ள பெரிய நிலையங்களில் எல்லாம் மூட்டையை இறக்கிச் சலவைக்குக் கொண்டுபோக ஆட்கள் நிற்பார்கள். நாற்றமடிக்கிற மூட்டைக்குள் கையை விட யாருக்கு மனசு வரும்?

"நான் சொன்னேன்னு யாருக்கும் தெரியாதுல்ல?" என்றாள் அந்தப் பெண். "தனியா போறேன் மேடம்."

"தெரியாதும்மா. உங்க பேரு வெளிய வராது. அதுக்கு நான் பொறுப்பு."

அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பெயரைப் போடவே இல்லை.

4

இங்கே கொஞ்சம் நின்று அந்தத் துறையின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

இப்படித் தகவல் வந்தால் அதைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்பது விதி. கணினி திறந்து, கடவுச்சொல் கேட்டு, தவறு என்று சொல்லி, மறுபடி கேட்டு முடிப்பதற்குள் ரயில் அடுத்த ஊரைத் தாண்டிவிடும். அதனால் எல்லோரும் போனில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். குரூப்பின் பெயர் "உள் தகவல் மட்டும்". ரயில் காவலர்கள், நிலையத்துக்காரர்கள், அதிகாரிகள் எல்லோரும் அதில் உண்டு. மாற்றலாகிப் போனவர்களும் உண்டு. ஓய்வு பெற்று வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு. ஒரு மழைக்காலத்தில் படகு ஏற்பாடு செய்ததற்காகச் சேர்க்கப்பட்டவர் இன்னமும் இருக்கிறார். சேர்ப்பதற்கு எல்லோருக்கும் கை வரும். நீக்குவதற்குத்தான் யாருக்கும் கை வராது, மனசு நோகுமே என்று.

அக்கா தட்டினாள்: "விரிப்பு ஊழியர் பயணியின் பையைத் துணி மூட்டையில் மறைத்ததாகத் தகவல். மூன்றாவது பெட்டி. தகவல் தந்தவர் இருக்கை 37. பெயர் ரகசியம்."

ரயில்காரர்களுக்கு இருக்கை எண் என்பது ஆளே அல்ல. அது ஒரு இடம். காவலர் எங்கே போய் விசாரிப்பது என்பதற்கான குறிப்பு. முப்பத்தேழுக்கு வாந்தி, முப்பத்தேழுக்குத் தண்ணீர் வரவில்லை என்று நாள் முழுக்கப் பேசுகிற வாய்கள். அந்த எண்ணின்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்பது, அதை அனுப்பி முடிக்கும்வரை அக்காவுக்கு உறைக்கவில்லை.

(37 என்பது உண்மையான எண் அல்ல. மாற்றியிருக்கிறேன். பதற வேண்டாம்.)

5

கதை இந்த இடத்துக்கு வந்தபோது என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

"இது அவங்கதானே?"

"எவங்க?"

"நடிக்காதீங்க. ஒத்தத் தோடு போட்டுக்கிட்டு அன்னைக்கு வந்திருந்தாங்களே."

"நான் எங்கயும் பேரு போடலையே."

"பேரு எதுக்கு? தோடு போதாதா?"

காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். என் மனைவி அவரை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள். தினமும் பார்க்கிறவர்கள் இதைப் படித்தால்? அந்தக் குரூப்பில் இருக்கிற யாராவது படித்தால்?

தோட்டை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அக்கா வெறும் குரலாகிவிட்டாள். யாருக்கு வேண்டும் அந்தக் கதை? எனவே காதை மட்டும் மாற்றிவிட்டேன். இடதா வலதா, அல்லது தோடேதானா என்று இனி நீங்கள் என்னைக் கேட்கக் கூடாது.

"அப்பவும் அவங்கதான்" என்றாள் மனைவி. அடுப்படியிலிருந்தே சொன்னாள், திரும்பிப் பார்க்காமல்.

6

அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை குரல் கலகலப்பாக இருந்தது. அக்கா போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"அக்கா, நான்தான். சாப்பிட்டாச்சு. நீ?"

முதல் முறை மேடம் என்றவள். சொந்த அக்காவிடம் பேசுவதுபோல் பேசுகிறாள்.

"யாராவது பக்கத்துல இருக்காங்களா?"

"ஆமாக்கா."

"அந்த ஆளா?"

"ஆமாக்கா, எதிர் சீட்டுதான். கால் நீட்டக்கூட இடமில்ல."

"ஏதாவது சொன்னானா?"

"இல்லக்கா. போர்வை கொண்டுவந்து மடியில வச்சாங்க. நான் கேக்கவே இல்ல." சிரித்தாள். "இந்த வெயில்ல."

"எழுந்து வேற பெட்டிக்குப் போக முடியுமா?"

"கதவுகிட்ட இன்னொருத்தர் நிக்கிறாங்கக்கா."

அடுத்த நிறுத்தம் வெகு தூரத்தில். அக்கா அந்த அழைப்பை வைத்திருந்தபடியே இன்னொரு போனில் அதிகாரியைப் பிடித்தாள்.

"சார், நம்ம குரூப்ல வெளி ஆள் இருக்கு. தகவல் போய்ச் சேர்ந்துடுச்சு."

"அதெல்லாம் நம்ம ஆளுங்கதான்மா."

"சார், அந்த ஆளு அந்தப் பொண்ணுக்கு எதிர்லயே வந்து உக்காந்திருக்கான்."

"அப்படியா? உடனே குரூப்ல போடு. யாராவது பாத்து என்னன்னு கவனிப்பாங்க."

அக்கா குரூப்பின் உறுப்பினர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நடுவில் எங்கேயோ இருந்தார் விரிப்பு ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர். போர்வை கிழிந்திருக்கிறது, மூட்டைப்பூச்சி என்று புகார் வரும்போது உடனுக்குடன் தெரியட்டும் என்று எப்போதோ சேர்த்தது. சேர்த்தவள் அவளேதான்.

7

ரயிலில் காவலர்கள் இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தார்கள், கடைசிப் பெட்டியில். அவர்களில் யார் யாருக்கு நண்பன், யார் சொல்வது யார் காதுக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. காலையில் அறையில் கூட உட்கார்ந்து டீ குடித்த முகங்கள்கூட ஒரே நொடியில் அந்நியமாகிவிட்டன. எதைச் சொன்னாலும் அது அங்கே போய்ச் சேரும். அந்த ஓட்டையை அடைக்க நேரமில்லை.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஓட்டை வழியாக எது போட்டாலும் போகும் என்றால், பொய்யும் போகுமே.

தட்டினாள்: "திருத்தம். முன்பு குறிப்பிட்ட 37 தவறு. தகவல் தந்தவர் முந்தைய நிலையத்தில் இறங்கிய பயணி. இறங்கிய பின் போன் செய்தார்."

அனுப்பப் போன விரல் நின்றது. இருக்கை எண் இல்லாவிட்டால் நம்புவார்களா? காலியாக இருந்த ஒரு எண்ணைப் போடலாமா? முடியாது. எந்த இருக்கையில் ஆள் உண்டு, எது காலி என்று விரிப்பு கொடுக்கிறவனுக்கு அத்துப்படி. பயணிகள் பட்டியலைத் திறந்து, அந்தப் பெட்டியில் அந்த நிலையத்தோடு பயணம் முடிந்தவர் யார் என்று பார்த்தாள். ஒரே ஒருவர். தனியாக வந்த வயசாளி. 41.

போட்டாள். அனுப்பினாள்.

இந்தக் காதில் அந்தப் பெண் ஏதோ மருந்து, மாத்திரை என்று இல்லாத அம்மாவின் உடம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். பேச்சு நின்றால் என்ன ஆகுமோ என்று பேசுகிற பேச்சு. அக்கா "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் ஒரு போன் சிணுங்குவது கேட்டது, அந்தப் பெண்ணுடையது அல்ல. பிறகு ரயிலின் தடதடப்பு மட்டும்.

"அக்கா."

"சொல்லும்மா."

"போயிட்டாங்க." அழுகிறாள். "போர்வையையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

அக்கா மேசைமேல் தலையைச் சாய்த்தாள். உயிர் திரும்பி வந்தது மாதிரி இருந்தது என்று சொன்னார். பிறகு அவளுடைய போன் மின்னியது. அந்தத் திருத்தத்துக்குக் கீழே மேற்பார்வையாளர் ஒரு கட்டைவிரல் போட்டிருந்தார்.

8

அந்தப் பெண் தன் ஊரில் பத்திரமாக இறங்கினாள். மூட்டையைச் சோதித்தபோது அதில் விரிப்புகள் மட்டும்தான் இருந்தன. இவை இரண்டும் எனக்குத் தெரியும். இதோடு முடித்தால் நல்ல கதை. அக்காவைக் கெட்டிக்காரி என்று நீங்கள் மெச்சிவிட்டுத் தூங்கப் போகலாம்.

ஆனால் 41 என்ன ஆனார்?

முடிவு (அ): வயசாளி வீடு சேர்ந்தார். "ஏன்பா இவ்வளவு நேரம், போனை எடுக்கவே மாட்டீங்களா?" என்று மகள் திட்டினாள். அவருக்குத் தன்னைச் சுற்றி ஒன்று நடந்ததே தெரியாது. இதை நான் மூன்று முறை எழுதினேன். மகளின் அதட்டல் நன்றாக வந்திருக்கிறது. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு (ஆ): எழுதி வைத்திருக்கிறேன். காட்டமாட்டேன்.

முடிவு (இ): அக்கா மேலிடத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள். பொய்த் தகவல் பதிந்ததற்கு விசாரணை நடக்கிறது. விசாரணையில் தெரியவந்தவை, அனைவரின் கவனத்துக்காக, குரூப்பில் போடப்படுகின்றன.

உண்மையில் அவர் என்ன செய்கிறார் என்றால், தினமும் காலையில் 41 இறங்கிய ஊரிலிருந்து வரும் சம்பவக் குறிப்புகளை முதலில் படிக்கிறார். விபத்து, காணாமல் போனவர், அடையாளம் தெரியாதவர். வயசைப் பார்க்கிறார். அப்புறம்தான் மூச்சு விடுகிறார்.

"விசாரிச்சுப் பாக்கலாமே" என்றேன்.

"எப்படி விசாரிக்கிறது? யார்கிட்டக் கேட்டாலும் 41னு மறுபடி எழுதணும். ஒருதடவை எழுதினதே போதாதா?"

"அவர் பேரு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஒரு ஆசைதான், கதைக்காரனின் ஆசை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த மேற்பார்வையாளரைப் பார்த்திருந்தால் இப்படித்தான் பார்த்திருப்பார். அதன் பிறகு அவர் என்னிடம் எதுவும் பேசவில்லை.

9

எனவே இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. தெரியாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, நீங்கள் மட்டும்தான் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்கு என்ன நிச்சயம்?

37ஐ மாற்றியதுபோல 41ஐயும் மாற்றித்தான் போட்டிருக்கிறேன். அச்சுக்கு அனுப்பப் போகும்போதுதான் உறைத்தது. நான் எந்த எண்ணைப் போட்டாலும், ஏதோ ஒரு ரயிலில், மூன்றாவது பெட்டியில், அந்த எண்ணில் யாரோ ஒருவர் உட்கார்ந்துவந்து, பையைத் தூக்கிக்கொண்டு தனியாக இறங்கித்தான் இருப்பார். எழுதிவிட்டேன். இனி யாரை நீக்குவது?

நீங்கள் கடைசியாக ரயிலில் போனபோது உங்கள் இருக்கை எண் என்ன என்று நினைவிருக்கிறதா?

என்னிடம் சொல்ல வேண்டாம்.