நிறைவேறிய தீர்மானம்

கை மேலே, கையில் பாண்ட் குழுவின் பித்தளைத் தலைக் கோல், அதன் நுனியில் வெயில் உருகி என் மணிக்கட்டு வழியே இறங்குகிறது, பின்னால் டிரம்களும் குழல்களும் மூச்சடக்கி நிற்கின்றன, கோல் இறங்கினால்தான் முதல் அடி விழும், வாசலில் பிரதம விருந்தினரின் வாகனம் ஒருவழியாக வந்து நின்றது, கதவு திறக்கிறது, வாசலிலிருந்து மண்டபம் வரை இருபுறமும் முதலாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் காலையிலிருந்து கொடியும் கையுமாக நிற்கிறார்கள், பவுடர் கன்னங்களில் கோடாக வழிகிறது, அக்கா, ஒண்டுக்கு வருது என்கிறாள் என் அருகில் நிற்கும் மிதுசா, அடக்கம்மா, இந்தா வந்திட்டார் என்று ஒரு டீச்சர் அதட்டுகிறார், அப்போது நான் ஏ.எல். உயர்தர வகுப்பில் இரண்டாம் வருடம், மாணவ முதல்வர் சின்னம் குத்தியவள், அரசியல் பாடம் எடுத்தவள், எதற்கும் ஓர் அபிப்பிராயம் வைத்திருந்தவள், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டம் இருந்த பந்தலுக்குச் சீருடையோடு போய் அமர்ந்து பாடசாலை அதிபர் கனகேஸ்வரனிடம் ஏச்சு வாங்கியவள், என்ன மந்திரி, இண்டைக்கு ஆரைக் கவிழ்க்கப் போறீர் என்று ஆசிரியர்கள் நக்கலடிப்பார்கள், உங்களைத்தான் சேர் என்பேன், அந்தத் துணிச்சலில்தான் மாணவர் பாராளுமன்றம் கூடிய நாளில் எழுந்து, விருந்தினரை வரவேற்கச் சின்னப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தக் கூடாது என்று பிரேரணை கொண்டுவந்தேன், எதிர்க்கட்சித் தலைவி டிலக்சனா, பெரிய டிரம் அடிப்பவள், இடுப்பில் கைவைத்து எழும்பினாள், வாறவருக்கு மரியாதை குடுக்காட்டி எங்களுக்கு ஆய்வுகூடம் ஆர் கட்டித் தாறது, உம்மட கொள்கையோ, சபை சிரித்தது, ஆனாலும் கைகள் உயர்ந்தன, எண்ணினார்கள், நிறைவேறியது, அதிபரே எழுந்து கைதட்டினார், படம் பிடித்தார்கள், அடுத்த வாரம் அதே பிள்ளைகளை அதே வெயிலில் நிறுத்தி ஒத்திகை, சேர், தீர்மானம் என்றேன், அது சனநாயகப் பயிற்சி பிள்ளை என்றார் அதிபர், பயிற்சி எண்டால் நிசமா எப்ப சேர் செய்யிறது, அவர் சிரிக்கவில்லை, உமக்கு நற்சான்றிதழ் நான்தான் தரவேணும், ஞாபகம் வச்சிரும்.

ஞாபகம் இருந்தது, கோலை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறேன், அதிபரின் கண் இறக்கு என்கிறது, நான் இறக்கவில்லை, மாணவர் பாராளுமன்றத் தீர்மானத்தின்படி சின்னப் பிள்ளைகள் நிழலுக்குப் போகலாம் என்று யாரோ உரத்துச் சொல்வது கேட்கிறது, அது என் குரல், ஒருவரும் அசையவில்லை, உமக்கென்ன விசரோ, கோலை இறக்கும் என்று பல்லைக் கடித்தபடி அதிபர் வருகிறார், விருந்தினர் புன்னகையைக் கலைக்காமல் காத்து நிற்கிறார், பின்னால் தொம்மென்று ஒரு சத்தம், டிலக்சனா வாரைக் கழற்றி டிரம்மை நிலத்தில் வைத்துவிட்டாள், ஏனடி, நீ எதிர்த்தனியெல்லே என்று குழலூதுகிறவள் கேட்க, இப்பவும் எதிர்ப்புத்தான், அதுக்காக எண்ணி நிறைவேறினதை இல்லையெண்டு சொல்லேலுமோ என்றாள், மிதுசாவின் கையைப் பிடித்தாள், வா, முதல்ல உன்ர அலுவலைப் பாப்பம், சின்னவள் ஓடினாள், அவளுக்குப் பின்னால் வரிசை நூல் பிரிவதுபோல் பிரிந்தது, கொடிகள் எல்லாம் வேப்பமர நிழலுக்குப் பாய்கின்றன, டீச்சர்மார் கூப்பிடக் கூப்பிடப் பாய்கின்றன, மாணவ முதல்வர் சின்னத்தைத் தாரும் என்கிறார் அதிபர், மற்றக் கையால் கழற்றிக் கொடுத்தேன், நற்சான்றிதழ் இனி கனவிலயும் இல்லை என்கிறார், தராட்டி விடுங்கோ சேர், விருந்தினர் வெறும் பாதையில் தன் சப்பாத்துச் சத்தம் தனக்கே கேட்க நடந்து போகிறார், வாத்தியமில்லை, கைதட்டல் இல்லை, மரத்தடியில் பிள்ளைகள் தண்ணீருக்கு முண்டியடித்து அடிபடும் இரைச்சல் மட்டும், என் கை இன்னும் மேலேதான், இத்தனை வருடங்களுக்குப் பிறகும் கனவில் பல தடவை அது கோல் இல்லாமல் வெறுங்கையாகவே உயர்ந்து நிற்கிறது, யார் யாரோ வந்து இறக்கு என்கிறார்கள், வாக்கெடுப்பில் உயர்த்திய கை இது, எண்ணி முடியும்வரை இறக்க மாட்டேன்.