மாமியார் எழுதிய ஸ்கிரிப்ட்

ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் சில ஆர்வலர்கள் சேர்ந்து உருவாக்கி வெளியிட்டுவந்த லினக்ஸ் இயங்குதளத்தில், பிரிண்டரை ஓட்டும் மென்பொருள் பேக்கேஜ் எம்னாவின் பொறுப்பு. அதன் மூல மென்பொருளை எழுதுபவர்களிடமிருந்து புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அவளுக்குத் தலைவலிதான். கணினி எழும்போது பிரிண்டரைத் தொடங்கிவைக்கும் பழைய ஸ்கிரிப்ட் ஒன்று அதில் கிடந்தது. இவர்கள் குழு என்றோ அதில் செய்த மாற்றங்களைப் புதுப் பதிப்பிலும் கையாலேயே ஒட்டவேண்டும். இத்தனைக்கும் அந்த வேலையைப் புது ஏற்பாடு ஒன்று எடுத்துக்கொண்டு வருஷங்களாகிவிட்டன. பழைய ஸ்கிரிப்டை எந்தக் கணினியும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் அந்த மாற்றங்களைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தவர் அவளுடைய மாமியார் ஹேதியா.

பல்கலைக்கழகக் கணினி மையத்தில் ஆட்டிப்படைத்துவிட்டு ஓய்வுபெற்றவர் அவர். நெட்வொர்க் வரும்வரை ஸ்கிரிப்ட் காத்திருக்கும்படி செய்து, அதுவரை திரையில் ‘பொறு கண்ணு, பிரிண்டர் இப்பதான் முழிக்குது’ என்று ஒரு வரியும் காட்டவைத்திருந்தார்.

“அதுல மட்டும் கைய வெச்சுடாத. அம்மாவுக்கு அது உசுரு” என்றான் கணவன் கஸ்ஸன்.

எம்னா வேறு வழியில்லாமல் குழுவின் மின்னஞ்சல் பட்டியலில் கேட்டாள்: இதை யாராவது பயன்படுத்துகிறீர்களா? பதில்கள் கொட்டின. எல்லாரும் அதை வைத்திருக்கத்தான் வேண்டும் என்றார்கள். பயன்படுத்துவதாக ஒருவரும் சொல்லவில்லை. காபெஸ் ஊரிலிருந்து ஒருவர் பயனரின் சுதந்திரம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். ‘நீங்கள் எதில் ஓட்டுகிறீர்கள்?’ என்று எம்னா கேட்டதற்கு, ‘என்னிடம் விண்டோஸ்தான், ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே’ என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமியார் வீட்டில் மீனும் ஆவியில் வெந்த ரவையுமாகக் கூஸ்கூஸ். எம்னா தட்டைக் கிளறிக்கொண்டே இருந்தாள். ஹேதியாதான் ஆரம்பித்தார்.

“பட்டியல்ல உன் கேள்வியப் பார்த்தேன்.”

எம்னா கரண்டியைக் கீழே வைத்தாள். “அத்தை, சும்மா கேட்டுப் பார்த்தேன். எடுக்கணும்னு இல்ல…”

“எடுக்கமாட்டியா? ஐயோ, எடுத்துத் தொலையேன்! அந்தக் குப்பையப் பார்க்கிறப்பல்லாம் எனக்குக் கூசுது. லினக்ஸ் புதுசா கத்துக்கிட்டப்ப எழுதினது. நீ ஆசையா வெச்சிருக்கேன்னுதான் வாயத் திறக்கல.”

“நானா? ஆசையாவா? ஒவ்வொரு தடவையும் ஒட்டி ஒட்டி என் உசுரு போகுது! உங்களுக்கு அது உசுருன்னு உங்க பையன் சொன்னாரே!”

“எங்கிட்ட, எம்னா அதைக் கோயில் மாதிரி காப்பாத்துறான்னான்!”

இரண்டு பெண்களும் மெல்லத் திரும்பினார்கள். கஸ்ஸன் மீன் தலைக்குள் முகத்தைப் புதைக்கப் பார்த்தான்.

“வீட்டுல சண்டை வேணாம்னுதான்…” என்றான்.

“வேற என்னல்லாம் சொல்லி வெச்சிருக்க?” என்றார் தாய்.

விசாரணை அங்கேயே நடந்தது. எம்னா வீட்டில் தொங்கிய ஊதாத் திரைச்சீலை இருவருக்குமே பிடிக்காது; அது எம்னாவுக்குப் பிடிக்கும் என்று அம்மாவிடமும், அது அம்மா ஆசையாக வாங்கிக் கொடுத்தது என்று இவளிடமும் சொல்லியிருந்தான். கஸ்ஸன் பாத்திரம் கழுவப் போவதாகச் சொல்லி எழுந்து ஓடினான்; திருமணமான நாளிலிருந்து அவன் அந்தப் பக்கம் போனதில்லை.

எம்னா மேஜையிலேயே மடிக்கணினியைத் திறந்து மாற்றங்களை அழித்தாள். ஏன் அழித்தது என்று பதியும் குறிப்பில் ‘தேவையற்ற பழைய மாற்றங்கள் நீக்கம்’ என்று அடித்தாள். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த ஹேதியா மூக்கைச் சுளித்தார்.

“பழசுன்னு போடு, சரி. தேவையற்றன்னு எதுக்கு? அந்தக் காலத்துல அது இல்லாம ஒரு பிரிண்டர் எழுந்துருச்சா?”

“இப்பதான் குப்பைன்னீங்க.”

“நான் சொல்லலாம். நீ எழுதலாமா?”

“பேக்கேஜ் என் பொறுப்பு அத்தை.”

“பொறுப்பாம்! தள்ளு, நான் அடிக்கிறேன்.”

எம்னா மடிக்கணினியை விடவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து இருவரும் ஒருவரிடம் ஒருவர் அளந்து அளந்துதான் பேசிவந்தார்கள். இன்று முதன்முறையாக நேருக்கு நேர் கத்திக்கொண்டிருந்தார்கள். எம்னாவுக்கு அது சுகமாக இருந்தது. சாப்பாட்டுக்குப் பின் ஊற்றிவைத்த, பாதாம் மிதந்த தேநீர் ஆறிப்போனதை இருவரும் கவனிக்கவில்லை.