பதினொன்றாவது பதிவு

“அந்தப் போனை அணைங்க அத்தான்! கூடத்துல அக்காவக் கிடத்தியிருக்கு, இங்க…”

“இன்னும் நாலுதான், சத்தத்தக் கொறச்சுக்கறேன்…”

“அவ குரல் வாசல் வரைக்கும் கேக்குது! வந்தவங்க பதறிப் போறாங்க!”

தையற்காரர் அணைக்கவில்லை. நேற்று மாலை ஆஸ்பத்திரியில் மனைவி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “ஒரு மைனஸ் விட்டுட்டேன். பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க” என்றாள். காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று நினைத்து, “சரி சரி, தூங்கு” என்றார். விடிவதற்குள் போய்விட்டாள். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவள். படுத்த பிறகு, மாணவர்களின் சந்தேகங்களுக்குப் போனிலேயே பேசி அனுப்பிக்கொண்டிருந்தாள். மொத்தம் பதினொரு பதிவுகள். நாளைக் காலை அவர்களுக்குப் பரீட்சை.

“அக்கா எதுல விட்டான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க என்ன ப்ரொபசரா?” மைத்துனி விடுவதாக இல்லை.

“முப்பது வருஷமா எனக்குப் பாடம் எடுக்காம விட்டாளேன்னு நிம்மதியா இருந்துட்டேன்.”

“அப்ப கடைசியிலேருந்து கேக்கறதுதானே?”

அவர் எட்டாவதை அழுத்தினார்.

“…அரை ஆயுள்னா, இருக்கற அணுக்கருவுல பாதி சிதையறதுக்கு ஆகற நேரம். எந்த அணு, எப்பன்னு மட்டும் கேக்காதீங்கப்பா. அது யாருக்கும் தெரியாது…”

மைத்துனி கதவைச் சாத்தினாள். வெளியே போகவில்லை. ஒன்பதும் பத்தும் ஓடி முடிந்தன.

பதினொன்றாவது முந்தாநாள் பேசியது. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது.

“மின்னழுத்தம் ஒரு குன்றுன்னு வச்சுக்கங்க. உச்சியில அணுக்கரு. கிரேடியன்ட் எப்பவும் ஏத்தத்தப் பாத்துதான் கை காட்டும். ஆனா…”

இருமல். நடுவே ஓர் ஆண் குரல்: “போதும், தண்ணியக் குடி.” மிடறு விழுங்கும் ஓசை.

“ம்… விசையும் அந்தப் பக்கம்தான். ஒரு புரோட்டானக் கொண்டுபோய் விட்டா, பந்து மாதிரி உருண்டு உச்சிக்குப் போயிடும்…”

“பந்து எப்படி அத்தான் மேல ஏறும்?” என்றாள் மைத்துனி. “இறங்கத்தானே செய்யும்?”

அவர் அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டார். ‘ஆனா’வுக்குப் பிறகு தன் குரலைக் கேட்டார்.

“நான்தான் குறுக்க பேசிட்டேன்.”

“இருமறவளுக்குத் தண்ணி குடுக்காம?”

அவர் மனைவியின் போனை வாயருகே கொண்டுபோனார். செருமிக்கொண்டார்.

“மேடத்தோட வீட்டுக்காரர் பேசறேன். கடைசிப் பதிவுல பந்து இறங்கணும். விசைக்கு மைனஸ் போட்டுக்கங்க. மேடம் சொல்லச் சொன்னாங்க. யாரும் இன்னிக்கு இங்க வர வேணாம், உக்காந்து படிங்க.”

அனுப்பினார். கேட்டுவிட்டார்கள் என்பதற்கான நீலக் குறிகள் தெரிந்தன.

மைத்துனி அவர் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“மறுபடி மொதல்லேருந்து போடுங்க அத்தான்.”