நீல டிரம்மில் வளர்த்த பூஞ்சை

காலையில் கம்பெனி வேன் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விட்டால், வெள்ளகோவிலுக்குத் தெற்கே அந்தச் சின்ன ஊரில் மிஞ்சுவது பூட்டுகளும் வெள்ளையம்மாளும்தான். தனிமரம் தோப்பாகாது என்பார்கள். இவளுக்குத் தோப்பெல்லாம் வேண்டாம், பக்கத்தில் இன்னொரு மரம் நின்றால் போதும். அந்த மரமோ, அவள் மகன் லிங்கசாமி, திருப்பூரில் ஒரு சலவைப் பட்டறையில் பனியன் துணி வெளுத்துக்கொண்டிருந்தது.

பொங்கலுக்கு வந்தபோது அவன் கையெல்லாம் தோல் உரிந்திருந்தது. "மருந்தடிக்காம இந்தப் போகம் வெங்காயத்தைக் காப்பாத்திக் காட்டுங்கம்மா. பட்டறையை உட்டுட்டு வந்தர்றேன். அங்கயும் மருந்து, இங்கயும் மருந்துன்னா நான் எதுக்குங்க வரோணும்?" என்றான்.

அவள் காட்டில் சின்ன வெங்காயத்துக்கு அழுகல் நோய். வேளாண்மை அலுவலகத்தில் டிரைக்கோடெர்மா என்று ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். உயிருள்ள பூஞ்சையாம், மண்ணிலிருக்கிற கெட்ட பூஞ்சையைத் தின்றுவிடுமாம். வெல்லத் தண்ணீரில் கரைத்து நிழலில் வைத்து, பெருகியதும் வேரில் ஊற்ற வேண்டும். மண்பானையில் கரைத்தது கிணற்றோரப் பாத்திக்கு மட்டும்தான் போதுமாயிருந்தது. மீதிக் காட்டுக்கென்று லிங்கசாமி பஸ் மேலே போட்டு ஒரு நீல டிரம் அனுப்பினான். அந்தப் பக்கம், பட்டறைக்கு மருந்து வந்த காலி டிரம் இல்லாத வீடு ஏது? கழுவிவிட்டேன் என்று சொல்லியிருந்தான். பிள்ளை கழுவியதை மறுபடி கழுவ மனசு வருமா? அவன் கை பட்ட டிரம் என்று அப்படியே வெல்லத்தைக் கரைத்தாள், பைத்தியக்காரி.

பூஞ்சை வளர்க்கிற சாக்கில் பேச்சுக்கு ஒரு துணையும் ஆயிற்று. "எந்திரிச்சாச்சா கண்ணு?" என்று தினமும் மூடியைத் தட்டுவாள். பதில் வராததைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. அது அவளுக்குப் பழக்கம்தான்.

ஊற்றி முடித்த பிறகு கிணற்றோரப் பாத்தி தாள் நிமிர்ந்து நின்றது. டிரம்மிலிருந்து ஊற்றிய காடு மஞ்சளித்துச் சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் அடியெல்லாம் கொழகொழவென்று அழுகல். சந்தேகப்பட்டு டிரம்மைக் கவிழ்த்தாள். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. பொங்கலுக்கு மகன் சட்டையில் அடித்த அதே பிளீச்சிங் வாடை. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அழக்கூடத் துணையில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு ரூபாய் போனிலிருந்து கூப்பிட்டான்.

"டிரம்மு ஒதவுச்சுங்களாம்மா?"

என் கைக்கு ராசியில்லை என்று சொல்லிவிடலாம். அவன் மனசு நோகாது. ஆனால் பந்தயம் தோற்றுப்போச்சென்று அவன் வரவும் மாட்டான்.

"பானையில கரைச்சது பொழச்சுக்குச்சு கண்ணு. டிரம்முல கரைச்சது செத்துப்போச்சு. அடியில பிளீச்சிங் இருந்துச்சு."



"அலசுனதுக்கப்பறம் ஒட்டியிருந்ததுக்கே செத்துப்போச்சுங்களா?" என்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "நான் தெனமும் அதுக்குள்ளதானுங்கம்மா கையை உட்டுட்டு நிக்கறேன்."

வெள்ளையம்மாளுக்கு வெங்காயமும் பந்தயமும் எங்கோ போயின.

"வெங்காயம் கெடக்குது உடு. நீ பஸ்ஸேறு சாமி."

அதற்குள் காசு தீர்ந்து லைன் அறுந்திருந்தது. அவன் காதில் விழுந்ததோ இல்லையோ, தெரியவில்லை. போனைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து, இருக்கிற பாத்தியையாவது காப்பாற்ற வேண்டுமே என்று பானையை எடுத்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் கிணற்றடியில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.