பேனரில் ஒரு முகம்

'தடால்!'

நாலாவது மாடி வாசலில் எழுந்த சத்தத்தைக் கேட்டுத் தெரசா கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். ஃபிளெக்ஸ் கடைக்காரர் இரும்புச் சட்டத்தோடு பேனரை அப்படியே தரையில் போட்டுவிட்டு, "லிஃப்ட் கராப் ஹை, அங்கிள் ஜி" என்று, லிஃப்ட் பழுதான கதையைச் சொல்லி மூச்சு வாங்கினார்.

அவள் கணவர் அகஸ்டினுக்குக் கோபமே வரவில்லை. பேனரை ஹாலில் விரித்து, தள்ளி நின்று அழகு பார்த்தார். 'ஏழை எளியோருக்குக் கம்பளி வழங்கும் விழா'. வலது மூலையில் கைகூப்பிச் சிரித்தபடி அவருடைய படம். விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கும் அவர்தான் டெல்லி துவாரகா தமிழ்க் கிறிஸ்தவர் சங்கத்தின் செயலாளர். தூத்துக்குடியை விட்டு வந்து இருபது வருஷமாகியும் பேச்சு மட்டும் ஊரை விடவில்லை.

மகள் லிடியா பல் துலக்கியபடியே வந்து பேனரைப் பார்த்தாள். சமூகப் பணியில் முதுநிலைப் படிப்பு, இரண்டாம் ஆண்டு. வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. அவளுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததும் நாளைக்குக் கம்பளி கொடுக்கப்போகிற அதே தமிழர் குடிசைப் பகுதிதான்.

"அப்பா, கம்பளி குடுங்க. இந்த பேனர் வேணாம். போட்டோவும் வேணாம்."

"ஏன்ட்டி?"

"அங்க ஒருத்தங்க விஷயமா மூணு மாசமா அலையுறேன். இப்பதான் கதவு கொஞ்சம் திறந்திருக்கு. இது அங்க போனா மறுபடி சாத்திக்குவாங்க."

"யாரு அது? என்ன விஷயம்?"

"சொல்லக்கூடாதுப்பா."

"பெத்த அப்பன்கிட்டயேவா?"

"பெத்த அப்பாகிட்டயும்தான்."

தெரசா சிரித்துவிட்டாள். "நானும்தான் நர்ஸ். வார்டுல நடக்கிறத என்னைக்காவது உங்ககிட்ட சொல்லியிருக்கேனா?"

"உன் வேலைக்குப் படிப்பு வேணும். சேவை செய்யதுக்கு எதுக்கு ரெண்டு வருசம் படிப்பு? ஞாயித்துக்கிழமை மத்தியானம் போதாதா?" என்றார் அகஸ்டின்.

வழக்கமாக இதற்கு லிடியா பதிலுக்குக் கிண்டல் செய்வாள். அன்று செய்யவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். முதல் வாரமே ஒருத்தங்களுக்கு சரோஜினி நகர் மார்க்கெட்ல புது பேக், ஷூ எல்லாம் வாங்கிட்டுப் போனேன். சூப்பர்வைசர் மேம் பாராட்டுவாங்கன்னு பாத்தா, ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. 'இனிமே அவங்க உன்கிட்ட மனசு விட்டுப் பேசுவாங்களா, தேங்க்ஸ் சொல்லுவாங்களா?' அதே மாதிரி அடுத்த தடவை போனா, தேங்க்ஸ் மட்டும்தான் வந்துச்சு. பேச்சு வர ரெண்டு மாசம் ஆச்சுப்பா."

பதில் இல்லாத ஆண்கள் வழக்கமாகச் செய்வதையே அகஸ்டினும் செய்தார். குரலை உயர்த்தினார். "காசு குடுத்தவங்க படம் கேப்பாங்கல்லா? தலைவர் கிறிஸ்துதாஸ் அண்ணாச்சிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"அப்ப நான் நாளைக்கு வரல" என்று எழுந்து போனாள் லிடியா.

மறுநாள் பனிமூட்டம் விலகாத காலையில் கம்பளி ஏற்றிய டெம்போ குடிசைப் பகுதிக்குள் நுழைந்தது. சங்கத் தலைவர் கிறிஸ்துதாஸ் மொபைலைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டார். பேனர் கட்ட இடம் தேடி நடந்த அகஸ்டின், ஒரு குடிசையின் முன் சட்டென்று நின்றார்.

அந்தக் குடிசைக்குக் கூரை, போன வருஷத்துப் பேனர். மழைக்குக் காப்பாக யாரோ அவிழ்த்து வந்து போட்டிருக்கிறார்கள். அதில் அவர் கம்பளியை நீட்டிக்கொண்டு சிரிக்கிறார். வாங்கிக்கொள்ளும் சிறுமிக்கு முகமில்லை. இருந்த இடத்தில் தார் பூசியிருந்தது.

"யாரு இப்படிச் செஞ்சது?"

பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். வடிவு, அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்பவள்.

"எம் பொண்ணு பூங்கோதைதாங்க. அவ மூஞ்சி, அவளே பூசிக்கினா." வடிவு எழுந்து கையைத் துடைத்தாள். "போன விழா முடிஞ்சதும் இத்த மெட்ரோ வாசல்ல கட்டி வுட்டீங்களே சார், ஸ்கூல் புள்ளைங்க பூரா அந்த வழியாத்தான் போவுதுங்க. 'கம்பல்வாலி, கம்பல்வாலி'ன்னு, கம்பளிக்காரின்னு ஒரே கேலி. பொங்கல் கழிச்சு ஸ்கூலுக்கே போவல. குளிரு எங்களுக்குப் பழக்கம் சார். அந்தப் பேருதான் அவளால தாங்க முடியல."

அகஸ்டினின் கையிலிருந்த கயிறு நழுவியது.

"லிடியான்னு ஒரு பொண்ணு வருது" என்று வடிவு தொடர்ந்தாள். "மொதல்ல இவ மூஞ்சி குடுத்தே பேசல. அது கோவிச்சுக்கல. வரும், உக்காரும், போவும். அப்புறம் ஸ்கூல்லயும் பேசிச்சு. என்னையும் பெரிய டீச்சர்கிட்ட இட்டுனு போயி, 'நீங்களே பேசுங்கக்கா'ன்னு வுட்டுச்சு. எனக்கு பயத்துல வேர்த்துடுச்சு. ஆனா பேசினேன் சார், நானே பேசினேன்! நாளைக்கு ஸ்கூலுக்குப் போறேன்னு சொல்லிருக்கா."

'அது என் மகள்' என்று சொல்ல நாக்கு துடித்தது அகஸ்டினுக்கு. இப்படி ஒரு பெருமை அவர் பட்டதே இல்லை. ஆனால் எந்த வாயால் சொல்வது? கதவிடுக்கிலிருந்து இரண்டு கண்கள் அவரையும், அவருக்குப் பின்னால் நீண்டிருந்த மொபைலையும் மாறி மாறிப் பார்த்தன.

ஒதுங்கிப் போய் மகளுக்குப் போன் போட்டார். "மக்கா, தப்புப் பண்ணிட்டேன். இப்ப நான் என்ன செய்யணும்?"

"என்கிட்ட கேக்காதீங்கப்பா. அங்க இருக்கிறவங்ககிட்டயே கேளுங்க."

கேட்டார். வடிவு அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "லைன்ல நிக்க வெக்காதீங்க. வண்டியத் தொறந்து வுட்டுட்டு தள்ளி நில்லுங்க. வயசானவங்க மொதல்ல எடுக்கட்டும். யாருக்கு எந்தக் கலர் புடிக்குதோ எடுத்துக்குவாங்க."

அப்படியே நடந்தது. பெண்கள் கம்பளிகளைத் தடவிப் பார்த்தார்கள், பிரித்து உதறினார்கள், "இந்தப் பச்சைய உன் மாமியாருக்குக் குடு, குளிரே பயந்துக்கினு கிட்ட வராது" என்று ஒருத்தி சொல்ல, டெம்போவே சிரிப்பில் குலுங்கியது. படம் எடுக்கப் போன கிறிஸ்துதாஸின் மொபைலை அகஸ்டினின் உள்ளங்கை மூடியது. கடைசியாக வந்த பூங்கோதை ஊதாக் கம்பளி ஒன்றை உருவிக்கொண்டு போனாள். அவரை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதுவும் நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது, அகஸ்டின் வேண்டுமென்றே குடிசைப் பகுதி வழியாகப் போனார். பஸ் ஸ்டாப்பில் யூனிஃபார்மும் ஸ்வெட்டருமாகப் பூங்கோதை; பக்கத்தில் வடிவு. அவருடைய கை தானாக மொபைலைத் தேடிப் பைக்குள் போனது. சுட்டதுபோல் வெறுங்கையாகவே திரும்பி வந்தது.

இரவுச் சாப்பாட்டில் மெல்லக் கேட்டார். "அந்தப் பொண்ணு இன்னைக்கு..."

"எந்தப் பொண்ணுப்பா?" என்ற லிடியா, ஒன்றும் தெரியாத முகத்தோடு ரசத்துக்குக் கிண்ணத்தை நீட்டினாள். தெரசா குனிந்து சிரித்தாள். அகஸ்டினுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், முறுக்கு மாவு வாங்கிக்கொண்டிருந்தவரைக் கிறிஸ்துதாஸ் பிடித்துக்கொண்டார்.

"என்னடே செயலாளரே, படமே இல்லாம விழா நடத்துன ஆளு டெல்லியிலேயே நீ ஒருத்தன்தான். ஒரு கம்பளி குடுக்கதுக்குக்கூடவா மககிட்ட பாடம் படிக்கணும்?"

அகஸ்டின் பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"குடுக்கதுக்கு நமக்குத் தெரியும் அண்ணாச்சி. வாங்குதவங்க தலை குனியாம எப்படிக் குடுக்கணும்னுதான் எம் மக படிக்கா. அதுக்கு ரெண்டு வருசம் கம்மி!"