பிணத்தின் சந்தேகம்

சஸ்பென்ஸ் படத்துக்குப் பேர்போன இயக்குநர் அவர். நடிகர்களை ஒவ்வொருவராக ஓரங்கட்டி, "கொலைகாரன் நீதான், யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று காதைக் கடிப்பார். அப்புறமென்ன, கேமரா முன்னால் ஆளாளுக்குத் திருட்டு முழிதான். ரசிகர்கள் சீட்டு நுனிக்கு வந்துவிடுவார்கள்.

இந்தப் படத்தின் கடைசி நாள். பிணமாக நடித்தவர், சட்டையெல்லாம் சிவப்புச் சாயத்தோடு, தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"சார், கொலைகாரன் நீதான்னு என்கிட்டயும் சொன்னீங்களே. அப்போ என்னை நானேவா கொன்னுக்கிட்டேன்?"

இயக்குநருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழக்கதோஷத்தில் பிணத்திடமும் உளறித் தொலைத்திருக்கிறார். படத்துக்கு என்ன முடிவு என்று அவருக்கே அதுவரை பிடிபடவில்லை என்பதுதான் பெரிய கூத்து.

கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். பிறகு பிணத்தின் தோளில் கைபோட்டுக் காதருகே குனிந்தார்.

"ஆமா. யார்கிட்டயும் மூச்சு விடாதே."