ஒரு குட்டை ஸ்பிரிங்

அக்காவின் வீட்டுக்காரரை நான் வாய் நிறைய மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் அவரைத் திட்டிய அளவுக்கு உலகத்தில் வேறு யாரையும் திட்டியதில்லை. அவருடைய பழைய டீசல் பிக்கப்பில் இரண்டாவது கியர் நிற்காது. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், டொக்கென்று நியூட்ரலுக்கு வந்துவிடும். ஆறு வருடமாக இடது கையால் கியர் ராடை அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் ஓட்டினார். தோளில் எப்போதும் தைல வாசனை.

"கியர் பாக்ஸ்ல ஒண்ணும் இல்ல மாமா. எந்நேரமும் ராடு மேல கைய வெச்சுக்கிட்டே ஓட்டுனா உள்ள கியரைத் தள்ளுற ஃபோர்க் தேயாம என்ன பண்ணும்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்பேன். என் மெக்கானிக் பட்டறையே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். மச்சினன் பட்டறை இருக்கும்போது வேறு பட்டறை வாசலை மிதிக்கிற ஆள் இல்லை அவர்.

மாமா போய் நாலு மாதம் ஆகிறது. மாரடைப்பு. அவர் நடத்திய செடி நர்சரியை இப்போது அக்காதான் பார்க்கிறாள். தொட்டிகளைக் கொண்டுபோய்ப் போட வேண்டுமே என்று லைசென்ஸும் எடுத்துவிட்டாள். "அந்தக் கியரோட என்னால மல்லுக்கட்ட முடியாதுடா. ஏதாவது வழி பண்ணு" என்றாள். வேறொரு மாடல் வேனிலிருந்து கழற்றிய ஐந்து கியர் உள்ள பாக்ஸ் ஒன்றைப் பிடித்து வந்தேன்.

வேற்று வண்டி பாக்ஸை மாட்டுவது சம்பந்தம் பண்ணுவது மாதிரி. வெளியில் எல்லாம் பொருந்தும், உள்ளே போனால்தான் சங்கதி தெரியும். எஞ்சினோடு சேரும் போல்ட் துளைகள் ஒத்துப்போயின. ஷாஃப்ட் பற்களின் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை, கிளட்ச் பிளேட்டை மாற்றினேன். பாக்ஸ் நாலு விரற்கடை நீளம் அதிகம். அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைப் பின்னால் தள்ளினேன். பின்சக்கரத்துக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டிச் சுருக்கி வெல்டு வைத்து, லேத்தில் போட்டுக் கோணாமல் சுற்றுகிறதா என்று பார்த்தேன். ராடு சீட்டுப் பக்கம் தள்ளி வந்ததால் தரைத் தகட்டிலும் புதுத் துளை. மூன்று நாள் முதுகு ஒடிந்தது.

பழைய பாக்ஸ் பெஞ்சில் கிடந்தது. பழைய இரும்புக்குப் போடவேண்டியதுதான். ஆனால் எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. தேய்ந்த ஃபோர்க்கை எடுத்து அக்காவிடம் காட்டி, நான் சொன்னதுதான் சரி என்று சொல்ல வேண்டும் என அற்ப ஆசை. செத்தவரோடும் வாதாடி ஜெயிக்கப் பார்க்கிற ஜென்மம் நான்.

மூடியைத் திறந்தேன். ஃபோர்க் புதுசு போல இருந்தது.

கியர் கழன்றுவிடாமல் பிடித்துவைக்க மூடிக்குக் கீழே மூன்று சின்ன இரும்புக் குண்டுகள் உண்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஸ்பிரிங். இரண்டு ஸ்பிரிங் ஒரே உயரம். இரண்டாவது கியரைப் பிடிக்கிற ஸ்பிரிங் மட்டும் பாதிதான் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் இந்த பாக்ஸைப் பிரித்து மாட்டியது நான்தான். அன்றைக்கு ஒரு ஸ்பிரிங் தெறித்து எங்கேயோ ஓடிவிட்டது. தேடிச் சலித்து, டப்பாவில் கிடந்த குட்டை ஒன்றை வைத்து மூடினேன், நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று. மறுநாள் அடியோடு மறந்துபோனேன். கூடம் உண்மையிலேயே கோணல்தான். கோணலாக்கியவன் நான்.

மாலையில் அக்கா வண்டி எடுக்க வந்தாள். மறைத்திருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? என்னால் முடியவில்லை. நல்ல ஸ்பிரிங்கையும் குட்டையையும் உள்ளங்கையில் வைத்து நடந்ததைச் சொன்னேன்.

அவள் குட்டையை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"அப்ப அவர் கையில குத்தம் இல்ல."

"இல்லக்கா."

"அவர் போன அன்னிக்கு மத்தியானம் இடது தோள் வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு கேட்டேன். 'இது கியர் புடிக்கிற வலிதான், ஆறு வருஷமா இருக்கறதுதானே'ன்னாரு. நானும் அதான்னு நெனச்சு, தைலம் தேச்சுவிட்டுப் படுங்கன்னுட்டேன்."

"என்னை மன்னிச்சிடுக்கா" என்று அழுதேன்.

"என்கிட்ட ஏன்டா கேக்குற?" என்றாள்.

ஸ்பிரிங்கைப் பெஞ்சில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள். நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். பட்டறையைத் தாண்டினால் நீள இறக்கம். இரண்டாவது கியர் சத்தமில்லாமல் உள்ளே போனது. அவள் காலை எடுத்தாள். ராடு இம்மியும் அசையவில்லை. ஆனாலும் அவளுடைய இடது கை அதை அழுத்திப் பிடித்தபடியே இருந்தது, மாமா பிடிப்பது போலவே.

"கைய எடுக்கா. இது கழலாது."

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இதையும் நீதானேடா மாட்டியிருக்க."